நாலு அங்குலம்

வீட்டில் பாஸ்கெட்பால் ரிங் மாட்டும் உத்தேசம் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் செய்யக்கூடிய தப்புகள் பெரும்பாலானவற்றைச் சொந்தச் செலவில் செய்து பார்த்திருக்கிறேன்.

என் பெண் அப்போது எட்டாவது. பள்ளியில் மைதானம் உண்டு. ஆனால் டீமில் இருப்பவர்களுக்குத்தான் பந்து. பந்தைத் தொட்டுப் பழகினால்தான் டீமில் சேர முடியும். 'நம்ம வீட்லயே ஒண்ணு போட்டுக் குடுப்பா' என்றாள். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே 22 அடி மண்தரை சும்மாதான் கிடந்தது.

கார் ஷெட்டின் கைப்பிடிச் சுவரில் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். 'நாலரை இஞ்ச் சுவர் சார். பந்து பட்டுப் பட்டு விரிசல் விட்டுரும். அப்புறம் மழைக்கு ஒழுகுதுன்னு என்னைத்தான் திட்டுவீங்க.' சரி என்று 4 அங்குல ஜி.ஐ. பைப் வாங்கி, 3 அடிக் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் ஊற்றினோம். கம்பத்தின் தலையிலிருந்து 3 அடி முன்னால் நீட்டிய ஒரு கை. இது அவசியம். இல்லாவிட்டால் பந்தோடு ஓடிவரும் பிள்ளை நேரே கம்பத்தில் போய் மோதும். அதன் நுனியில் மரைன் ப்ளைவுட் பலகை. ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. வெல்டிங் பட்டறைக்காரர் முதலில் கொண்டுவந்தது முட்டை வடிவத்தில் இருந்தது. திருப்பி அனுப்பினேன்.

உயரம் 10 அடி. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தபோது, ஜிம் பால்கனியின் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளை ஆணி அடித்து மாட்டச் செய்தார். அந்தக் கைப்பிடி 10 அடியில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். கட்டியவர் ஓர் அடி தாழ்த்திக் கட்டியிருந்தால் உலகம் பூராவும் 9 அடியாகியிருக்கும்.

நானும் டேப் வைத்து மண்ணிலிருந்து சுத்தமாக 10 அடி அளந்து மாட்டினேன். ஆனால் மண்தரையில் பந்து எழும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, மழைநீர்க் குழியை மட்டும் விட்டுவிட்டு, மேலே 4 அங்குலம் கான்கிரீட் தளம் போட்டோம்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் பத்து மாதம் புரியவில்லை.

பத்து மாதமும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவாள். பலகையிலிருந்து 15 அடியில் சாக்பீஸ் கோடு. தினமும் 100 ஃப்ரீ த்ரோ. பக்கத்து வீட்டு மாமி 'உங்க வீட்ல விடியறதுக்கு முன்னாடியே இடி இடிக்கறதே' என்பார். கடைசி மாதத்தில் பத்துக்கு ஏழு விழ ஆரம்பித்தது.

செலக்‌ஷன் அன்று பத்துக்கு ஒன்று. மற்றதெல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தனவாம்.

சாப்பிடவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு டேப்பை எடுத்துக்கொண்டு ஏறினாள். 'ஒம்பது அடி எட்டு இஞ்ச்ப்பா' என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். 'நான் வந்து உங்க பி.டி. சார்கிட்ட சொல்றேன்மா' என்றதற்கு, 'என்னன்னு? டேப்பைக் காட்டியா?' என்று உள்ளே போய்விட்டாள். ஐம்பது வயதில், கட்டட வேலை பற்றி ஊருக்கே யோசனை சொல்கிற மனுஷன், அன்று சாயங்காலம் பூராவும் அந்தக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் வந்து, கையை அறுத்து, நாலு அங்குலம் உயர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தார். கூலி கொஞ்சம்தான். அவள் கைதான் பழசை மறக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் டீமில் எடுத்தார்கள், சப்ஸ்டிட்யூட்டாக.

ஆகவே, தளம் முதலில், அளவு அப்புறம்.

இப்போது காலேஜில் ஆடுகிறாள். போன மாதம் வெளியூரில் ஒரு மேட்ச்சுக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் ரிங்குக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் டேப்பை இழுப்பதுபோல் காட்டிச் சிரித்தாள்.