பிளாக்லெட்டர் மீதான பழி

பிளாக்லெட்டர் எழுத்துடன் எனக்கு நாள்தோறும் பழக்கம் உண்டு. தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்கள் அடங்கிய 18ஆம் நூற்றாண்டு ஹாலே அறிக்கைகள், ஃபிராக்டூர் என்னும் அதன் வகையிலேயே அச்சானவை. எஸ், எஃப் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றிக் கண்ணை வருத்தும்.

அச்சு வரலாறு பற்றிய கருத்தரங்கொன்றின் சுவரொட்டிக்குத் தடித்த பிளாக்லெட்டர் தலைப்பை முன்மொழிந்தபோது, ‘அது நாஜி எழுத்தாயிற்றே’ என்றார் ஒரு பேராசிரியர். பாதி உண்மை என்பதால்தான் இப்பழியை மறுப்பது கடினம்.

1933க்குப் பின் ஜெர்மனியில் ‘டான்னன்பெர்க்’ போன்ற தடித்த, விறைத்த எழுத்துருக்கள் பெருகின. பெர்லினின் நார்ட்பான்ஹோஃப் நிலையப் பெயர்ப் பலகைகளில் அதை இன்றும் காணலாம். ஆனால் 1941 ஜனவரி 3 அன்று மார்ட்டின் போர்மன் அனுப்பிய சுற்றறிக்கை, இவ்வெழுத்துகளை யூதருடையவை என்று பொய்யாகப் பழித்து விலக்கியது. அந்தத் தாளின் முகப்பில் கட்சியின் பெயர் பிளாக்லெட்டரிலேயே அச்சாகியிருந்தது! குட்டன்பர்க் 1455 வாக்கில் விவிலியம் அச்சிட்டதும் இவ்வகை எழுத்தில்தான். கட்சிக்கு அது எவ்வகையிலும் சொந்தமன்று.

நீண்ட பத்திகளுக்குத் தடித்த வடிவம் ஆகாது. எழுத்தின் உள்வெளி மையால் அடைபடும். பேரெழுத்துகளை மட்டும் அடுக்கினாலோ வாசிக்கவே இயலாது. இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாக, சுற்றிலும் வெள்ளை விட்டு அமைத்தால் அதன் கருமைக்குத் தனி வலிமை உண்டு. நாளிதழ்ப் பெயர்களும் பீர்ப் புட்டிச் சீட்டுகளும் மெட்டல் இசைத்தட்டு உறைகளும் அதைத்தான் நாடுகின்றன. டான்னன்பெர்க்கை மட்டும் நான் தேரமாட்டேன். குட்டன்பர்க் காலத்து வடிவமே போதும்.