அம்மா கையில் வைக்கும் ஐநூறு

ஜனவரி 10, 2024

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "பணம் ஏறிருச்சுத்தா" என்று தொடங்கும்போதே குரலில் தெம்பு. மாதாமாதம் 15ஆம் தேதி வரும் மகளிர் உரிமைத் தொகையைப் பொங்கலை முன்னிட்டு இன்றைக்கே போட்டுவிட்டார்கள். ரேஷன் கடையில் பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு இன்னொரு ஆயிரம். அடுத்த மூச்சிலேயே, "மாப்பிள்ளைக்கு வேட்டியா, சட்டைத் துணியா?" என்று கேட்டாள்.

காலமெல்லாம் களை வெட்டியவள், நூறு நாள் வேலைக்குப் போனவள். ஆனாலும் எனக்கு ஒரு ரூபாய் கொடுக்க அப்பாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. 2023 செப்டம்பர் 15-க்குப் பிறகுதான், யாரையும் கேட்காமல் செலவழிக்க அவள் பெயரிலேயே மாதம் ஆயிரம் வருகிறது. வந்ததும் மருந்து மாத்திரைக்கு எடுத்துவைப்பாள் என்று நினைத்தேன். மகளுக்குக் கொடுக்கத்தான் முதலில் எடுத்துவைக்கிறாள்.

ஜனவரி 13

நேற்றிரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறவே பெரும்பாடு. நிலையம் புதிது, வழி தெரியாமல் பாதிக் கூட்டம் பெட்டியோடு அலைந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் சிறுசேரியில் வேலை பார்க்கும் பெண். பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியதும், "நான் அம்மாகிட்ட ஒரு பைசா வாங்க மாட்டேன்க்கா. நான்தானே அவங்களுக்குத் தரணும்?" என்றாள்.

தரணும்தான், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் நாம் அனுப்புவது கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் போகிற பணம். அவர்கள் தருவது நம் தேவையைக் கணக்குப் பார்த்துத் தருவதல்ல. மகள் லட்சம் சம்பாதித்தாலும் அவள் வெறுங்கையோடு படியிறங்கக் கூடாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று மடக்கிய நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், இனி நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றல்லவா அந்த அம்மாவின் காதில் விழும்? அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். மாட்டுத்தாவணி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 14

உசிலம்பட்டிப் பக்கம் என் மாமியார் வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் சீர் கொண்டுவந்தார்கள். பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு; தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் ஆயிரத்தொரு ரூபாய்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தெருவில் நாலு பேர் கரும்பை எண்ணுகிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. இதே தெருவில் ஓர் அம்மா, மகள் வீட்டுச் சீருக்காகப் பத்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. ஊர்வாய்க்குப் பயந்து கடன் வாங்குகிறவளை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? எதிர்பார்த்து, எண்ணிப் பார்த்து வாங்குவது அன்பில்லை. அது வசூல்.

"அதான் வருசா வருசம் சீர் செய்யுறோமே, பங்கு எதுக்கு?" என்று மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் மகளுக்கு இந்துக் குடும்பச் சொத்தில் சம பங்கு சட்டமாகிவிட்டது. பாசத்துக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிப்பது அநியாயம்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு அம்மா வீடு. அண்ணனும் வந்திருந்தான். அப்பா பிள்ளைகள் கையில் பணம் கொடுத்ததே இல்லை. அண்ணன் தூங்கும் நேரம் பார்த்து அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, சக்கரத்துச் சேற்றையும் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அண்ணனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

கிளம்பும்போது அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அலமாரியில் காகிதத்துக்கு அடியிலிருந்து பாஸ்புக்கை எடுத்தாள். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஐநூறு ரூபாய் நோட்டு. என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கி மூடினாள்.

"இது வீட்டுக்கு இல்லத்தா, ஒனக்கு. பிள்ளைகளுக்குன்னு செலவழிச்சிராத. நீயா எதாச்சும் வாங்கித் தின்னு."

வீட்டுச் செலவு, ஃபீஸ், தவணை என்று எல்லார் கணக்கையும் பார்க்கிற எனக்கு, எனக்கென்று பணம் தருகிற ஒரே ஆள் அவள்தான். வாங்கிக்கொண்டேன். தட்டில் வைத்த ஆயிரத்தொன்றைவிட இது பெரிய பணம்.

ஜனவரி 17

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். ஊருக்குப் போய்வருகிற பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ கையில் எதையாவது வைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: கடன் வாங்கித் தந்ததா என்று. கடன் என்று தெரிந்தால் அதை அடைத்துவிட்டு, அடுத்த வருடம் சீரே வேண்டாம் என்று உங்கள் வீட்டாரிடம் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.