யாரை எழுப்புவது?

கண்காணிப்பு மென்பொருள் விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது பெரிய திரையைத்தான். பச்சையும் சிவப்புமாக வட்டங்கள், ஏறி இறங்கும் கோடுகள், நடுவில் ஒரு வரைபடம். முதலாளிகளுக்கு அது பிடித்துப்போகும். வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைத்த கம்பெனிகளைக்கூடப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் சில வருஷம் கழித்த யாரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. சர்வர் எவ்வளவு சூடாக இருக்கிறது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளப்பது இன்று மலிவான வேலை. அளந்ததில் எதற்காக, எந்த நேரத்தில், எந்த ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது என்று முடிவு செய்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பல வருஷம் சென்னையில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பார்த்துவிட்டு, இப்போது ஆர்.கே.பேட்டையில் வீட்டிலிருந்தே அதே வேலையைச் செய்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சென்னையில். மீதி இந்தப் பக்கத்து ஆட்கள்: லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறவர்கள், ஒரு ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடங்கள். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அந்தத் தறியைக் காட்டித்தான் விளக்குவேன். சாதாரண விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால், அதைத் தடவிப் பார்க்கும் சின்ன முள் ஒன்று தறியைத் தானே நிறுத்திவிடும். பாவு இழை அறுந்தால் பழைய தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழும். அதனால் நெசவு செய்கிறவர் கண் எப்போதும் பாவின் மேல்தான்.

இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கேட்டார்: “அப்போ நீ எத்தனை தறிப்பா பாக்குற?”

“நானூறு சொச்சம் இருக்கும் மாமா.”

“ஒரே ஆளா? எப்படிடா முடியுது?”

“முள்ளு நெறைய இருக்கு மாமா. அதுல எந்த முள்ளை நம்பறதுங்கறதுதான் பாடு.”

இந்த முட்களின் வரலாறு ரொம்பப் பழசல்ல. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் மைக் மூஸ் எழுதிய பிங் என்ற சின்ன நிரலைத்தான் இன்றும் நாளைக்கு ஆயிரம் தடவை ஓட்டுகிறோம். “இருக்கிறாயா” என்று கேட்கும், பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று சொல்லும். 1988-இல் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வந்தது. ரவுட்டர், ஸ்விட்ச், யூபிஎஸ், பிரிண்டர் எதுவானாலும் அதற்குள் ஓடும் எண்களை வெளியிலிருந்து ஒரே முறையில் கேட்டு வாங்க அது வழி செய்தது. தொண்ணூறுகளின் நடுவில் டோபியாஸ் ஓடிக்கர் தன் பல்கலைக்கழகத்துக்கு இருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு எவ்வளவு நிரம்புகிறது என்று பார்க்க எம்ஆர்டிஜியை எழுதினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துக் கோடு போடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பிறகு நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமிதியஸ் என்று வரிசை நீள்கிறது.

இந்த வரிசையில் நம்மூர்ப் பங்கு பெரிது, ஆனால் வெளியில் பேசப்படுவது குறைவு. ஸோஹோ என்றால் இன்று மெயிலும் கணக்குப் புத்தகமும்தான் ஞாபகம் வரும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் சரக்கே நெட்வொர்க் மேலாண்மைதான். தொலைத்தொடர்புக் கருவி செய்கிற கம்பெனிகளுக்கு எஸ்என்எம்பி மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். 2000-த்தை ஒட்டி வந்த டெலிகாம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். அதே கைவேலையை எல்லாக் கம்பெனிகளின் ஐடி துறைக்கும் விற்கலாம் என்று திரும்பியதில் மேனேஜ்இன்ஜின் வந்தது, ஓப்மேனேஜர் வந்தது. ஸோஹோ என்று கம்பெனியே பெயர் மாறியது 2009-இல். கூடுவாஞ்சேரிப் பக்கம் எழுதுகிற மென்பொருள் எங்கேயோ ஒரு நாட்டு மருத்துவமனையின் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோடுகளை நம்புவது பற்றி ஒரு சங்கதி. எஸ்என்எம்பியின் பழைய கணக்குமானி 32 பிட். சுமார் 429 கோடி பைட் வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 64 கிலோபிட் காலத்தில் அது தாராளம். ஒரு ஜிகாபிட் இணைப்பு முழுவீச்சில் ஓடினால் 34 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் படிக்கிற மென்பொருளுக்கு இடையில் எத்தனை சுற்று ஓடியது என்று தெரிய வழியில்லை. இணைப்பு திணறிக்கொண்டிருக்கும், கோடு கீழே படுத்திருக்கும். 64 பிட் கணக்குமானியைக் கேட்டு வாங்கினால் தீர்ந்தது, ஒரே ஒரு தேர்வுதான். அதைச் செய்யாத வரைபடங்களை வைத்துக்கொண்டு “லைன் காலியாத்தான் இருக்கு” என்று வாதாடும் ஆட்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அடுத்தது வரம்பு. டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை என்று எல்லா மென்பொருளும் முதல் நாளே வைத்துத் தரும். 2 டெராபைட் டிஸ்க்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 200 ஜிபி மிச்சம். ஒரு லுங்கி வியாபாரிக்கு அது வருஷக்கணக்கில் வரும். 20 ஜிபி பகுதியில் மிச்சம் 2 ஜிபி. லாக் எழுதுகிற ஒரு நிரல் கிறுக்குப் பிடித்தால் சாப்பிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நான் கேட்பதில்லை. இதே வேகத்தில் போனால் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று கேட்கிறேன். நான்கு மணி நேரத்துக்குள் என்றால் போன் போகும். நான்கு நாள் என்றால் காலை அறிக்கையில் ஒரு வரி.

இப்போதெல்லாம் வரம்பை மென்பொருளே கற்றுக்கொள்ளும் என்று விற்கிறார்கள். கற்றுக்கொள்கிறது, உண்மைதான். திங்கள் காலை எப்படி, ஞாயிறு மாலை எப்படி என்று சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆடிக் கிருத்திகைக்கு என்ன செய்யும்? அன்று திருத்தணி மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் காவடிக் கூட்டம். செல்போன் டவர்கள் திணறும். 4ஜி சிம்மை மாற்று இணைப்பாக வைத்திருக்கிற கடைகளுக்கு அந்த இணைப்பு இருந்தும் இல்லாத கதைதான். அந்த நாள் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது, வேறு கிழமையில் வருகிறது. மென்பொருள் கிழமையைக் கற்கும், நட்சத்திரம் அதற்குத் தெரியாது. அதே மலையின் டிசம்பர் 31 படித் திருவிழாவாவது தேதி மாறாமல் வரும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால்தான் உள்ளிட வேண்டியிருக்கிறது. (எல்லையோரக் கிராமங்களில் இன்னொரு கூத்து: சிம் திடீரென்று ஆந்திரப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டதை யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.)

ஒரு கிளையின் ரவுட்டர் விழுந்தால், அதன் பின்னால் இருக்கிற கேமரா, பிரிண்டர், பில்லிங் மெஷின் எல்லாமே செத்துவிட்டதாகத் தனித்தனியே செய்தி வரும். நாற்பது செய்தி, ஒரே காரணம். எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால், ரவுட்டர் விழுந்தது, மற்றவை எட்டவில்லை என்று பிரித்துச் சொல்லும். நாகியோஸ் காலத்திலிருந்தே இருக்கிற வசதி. அதை உட்கார்ந்து எழுதத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பொறுமை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், எல்லா எச்சரிக்கையையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டுவார்கள். முதல் வாரம் எல்லாரும் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் குரூப்பை மியூட் செய்வார்கள். அப்புறம் பார்த்தால், சர்வர் நின்றுபோனது குரூப்பில் காலையிலேயே வந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பதினைந்து பேருக்குப் போகிற எச்சரிக்கை யாருக்கும் போகாத எச்சரிக்கைதான். என் கணக்கில் ஓர் எச்சரிக்கைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், அந்த ஆள் உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அதை அழித்துவிடுவேன். புது வாடிக்கையாளர் வந்தால் முதல் மாதம் முழுக்க எனக்கு அழிக்கிற வேலைதான். கூலிக்கு ஆள் வைத்து அழிக்கச் சொல்கிறோமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

சத்தம் போடுகிற கோளாறைவிடச் சத்தம் போடாதது மோசம். ராத்திரி பேக்கப் ஓடவில்லை என்றால் பிழைச் செய்தி வரும் என்று நினைப்போம். பேக்கப் எடுக்கிற நிரலே தொடங்கவில்லை என்றால் பிழை சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் இதைத் தலைகீழாக வைக்க வேண்டும். பேக்கப் ஒழுங்காக முடிந்தால் அது வந்து சொல்ல வேண்டும். மூன்று மணிக்குள் சொல்லவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. இணையதளச் சான்றிதழ் காலாவதியாவதும் இப்படித்தான். தேதி முன்கூட்டியே தெரியும், யாருக்கும் அது அவசரம் இல்லை, ஒரு நாள் காலை கடையே திறக்காது.

பார்க்கிறவனை யார் பார்ப்பது என்பதற்கு உலக அளவில் பாடங்கள் இருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்துபோனது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. கோளாறைப் பார்க்க உதவும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் சேர்ந்து போயின. அதனால்தான் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் வேறொரு கம்பெனியின் இணைப்பு வழியாக வெளியிலிருந்தும் தட்டிப் பார்க்கிறேன். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் பச்சையாக இருக்கும், வாசலில் நிற்கிறவருக்குக் கதவு திறக்காது.

கருவியே வினையாவதும் உண்டு. கண்காணிப்பு மென்பொருளிடம் எல்லா சர்வரின் கடவுச்சொல்லும் இருக்கும். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே ஆட்கள் புகுந்திருந்தார்கள். அந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போயிருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான கோப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் பாதுகாப்புக்காகப் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள்தான். படிக்க மட்டும் உரிமை போதும் என்ற இடத்தில் நிர்வாகி உரிமை கேட்கும் கருவியை நான் உள்ளே விடுவதில்லை. எல்லாப் பொத்தானும் ஒரே இடத்தில் இருந்தால் சௌகரியம் என்று விற்பனைக்காரர் சொல்வார். சௌகரியம்தான், யாருக்கு என்பது வேறு.

சட்டமும் இப்போது இதில் கை வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவில் சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருந்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்குப் பிடித்தது அதிலிருந்த கடிகார விதி: எல்லாக் கணினிகளின் நேரமும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கேமரா ஏழு நிமிஷம் முன்னே, பில்லிங் மெஷின் நான்கு நிமிஷம் பின்னே என்றால் எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் என்று எழுதுவார்கள். மாதத்துக்கு 43 நிமிஷம் நிற்கலாம் என்று அர்த்தம். லுங்கி வியாபாரிக்கு அந்த 43 நிமிஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தால் ஒன்றுமில்லை, தீபாவளிக்கு முந்தின வாரம் லோடு ஏறுகிற நேரம் வந்தால் வருஷம் முழுக்கப் பேசுவார். அந்த நேரத்தைச் சதவீதம் சொல்லாது, ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

எப்போது, யாரை எழுப்புவது என்று ஸ்கேன் சென்டர் முதலாளியோடு உட்கார்ந்து எழுதினோம். “ராத்திரி பேஷண்டே வரமாட்டாங்க தம்பி, எதுக்கு எழுப்பறீங்க? காலையில பாத்துக்கலாமே” என்றார்.

“காலையில ஆறு மணிக்கே வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வரிசை நிக்குதே அண்ணா. அப்போ சர்வர் வரலைன்னா?”

யோசித்துப் பார்த்ததில் பட்டியல் சின்னதாகிவிட்டது. ராத்திரி இன்டர்நெட் போனால் யாரையும் எழுப்ப வேண்டாம்; ஐந்து மணிக்கும் வரவில்லை என்றால் எனக்கு அடிக்கட்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிற வரை தாங்கும், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். ஐந்தேகாலுக்கும் கரண்ட் வரவில்லை என்றால்தான் போன். யாருக்கு என்று பேசியபோது முதலில் என் பெயரைத்தான் எழுதினார். நான் எழுந்து என்ன செய்ய முடியும்? ஜெனரேட்டர் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. அவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், ஆப் எதுவும் வேலை செய்யாது. தானியங்கிக் குரல் அழைப்பு போகிற மாதிரி அமைத்து, “கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் போடுங்க” என்று தமிழில் பதிந்துவைத்தோம். தெலுங்கிலும் ஒரு தடவை சொல்லச் சொன்னார் வாட்ச்மேன், அதையும் சேர்த்தாயிற்று. இப்போது அழைப்புப் பட்டியலில் அவர் முதலில், முதலாளி இரண்டாவது, நான் மூன்றாவது.