நாடி பார்த்த கை

"பென்ஷன் வாங்கிக்கொண்டு குற்றாலத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்களாமே! யோகந்தான்!" என்று பழைய சிநேகிதர்கள் கேட்பதுண்டு. யோகம் என்பதை நான் மறுப்பதில்லை. ஆனால் நாங்கள் குடியிருப்பது தென்காசியில். குற்றாலம் மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புறப்பட்டுவிட்டால், குற்றாலவாசிக்குத் தன் வீட்டு வாசலை அடைவதே பெரும்பாடு. தென்காசிக்காரனுக்கோ சாரல் முழுவதும் வந்துவிடும். கூட்டம் பாதிதான் வரும்.

நான் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தவன். என் மனைவி நர்ஸாக இருந்தவள். 1979-ல் விவாகம் நடந்தது. 2010-ல் நானும் 2012-ல் அவளும் ஓய்வு பெற்றோம். நடுவே சென்ற முப்பத்து மூன்று வருஷங்களில் நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காலைக் காப்பி அருந்திய நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம். அவளுக்கு இரவு டூட்டி என்றால் எனக்குப் பகல். எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் அடுக்களையில் வைத்த துண்டுக் காகிதங்களின் மூலமாகவே நடந்தது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், "ரசம் அடுப்பருகில். மோர் உறியில். பையனுக்கு லேசாகச் சுரம், 100 டிகிரி" என்று எழுதியிருப்பாள். சுரத்தின் அளவை அவள் எழுத மறந்ததே கிடையாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்தவேண்டும் என்று முன்னதாகவே வாக்குறுதி பெற்றுக்கொண்டாராம். என் மனைவி அப்படி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அம்மையார் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தது 1954-ல், எழுபதை நெருங்கிய பிராயத்தில். அதே பிராயத்தில் நான் செய்த மகத்தான காரியம், குற்றாலக் கடைவீதியில் நின்று நேந்திரங்காய் வறுவல் தின்றதுதான்!

சாரல் மாதங்களில் எங்கள் நித்திய கடமை இது: விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கூட்டம் சேருமுன் பேரருவிக்குப் போய்விடுவோம். மேலிருந்து விழும் ஜலம் நடுப்பாறையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் பாய்ந்து, அங்கிருந்து வழிந்துதான் நம் தலைமேல் விழுகிறது. வேகம் அங்கே தணிந்தும், முதுகில் நாலு பேர் சேர்ந்து குத்துவது போலத்தான் இருக்கும். ஆனால் வெளியே வந்ததும் உடம்பு காற்றிலே மிதக்கும். பசி வயிற்றைக் கிள்ளும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். பஸ்ஸிலிருந்து இறங்கி அருவிக்கு நடக்கும்போது அவள் என் கையைப் பற்றிக்கொள்ளத் தொடங்கினாள். நாற்பது வருஷம் கழித்துப் பிறந்த இந்தச் சரசத்தில் எனக்கு உள்ளூர ஒரே பெருமை. எதிரே வந்த இளந்தம்பதிகள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தபோது மார்பைச் சற்று நிமிர்த்திக்கூட நடந்தேன். மூச்சு கொஞ்சம் வாங்கியது, வயதாகிறதல்லவா?

பன்னிரண்டாம் நாள் அவள் பாதி வழியில் நின்றாள்.

"இன்று அருவி வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.ஸி.ஜி. எடுத்துவிடுவோம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். நாடி தாளம் தப்பி ஓடுகிறது."

அப்போதுதான் கவனித்தேன். அவள் பிடித்திருந்தது என் கையை அல்ல, மணிக்கட்டை. கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரல்களும் சரியான இடத்தில் பதிந்திருந்தன!

வீட்டிற்கு வந்ததும் காலண்டர் தாள்களைக் கொணர்ந்து காட்டினாள். பன்னிரண்டு தேதிகள், ஒவ்வொன்றிலும் நாடியின் எண்ணிக்கை, ஐந்து நாட்களில் மட்டும் "ஒழுங்கில்லை" என்ற குறிப்பு. ஈ.ஸி.ஜி.யும் அதையே சொல்லிற்று. இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமே துடித்துக்கொண்டிருந்தன. இவ்வியாதியில் அறையினுள் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த துளி மூளைக்குப் போனால் பாரிச வாயுதான். பலருக்கு ஒரு நோவும் தெரியாது. எத்தனையோ பேருக்கு இதைக் கண்டு சொல்லியிருக்கிறேன், என் கையை மட்டும் நான் தொட்டுப் பார்த்ததில்லை.

வெட்கம் கோபமாக வந்தது. "முதல் நாளே சொல்வதற்கென்ன?" என்று இரைந்தேன்.

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்: "ஒரு தடவை பார்த்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொல்லலாமா? 'எண்ணிப் பார்த்தாயா, உத்தேசமாகச் சொல்கிறாயா?' என்று வார்டில் எல்லோர் முன்னும் கேட்பீர்களே!"

கேட்டிருக்கிறேன். அவளிடமும் கேட்டிருக்கிறேன், மற்ற நர்ஸுகளிடமும் கேட்டிருக்கிறேன். சாட்சியத்தைப் பூரணமாகத் திரட்டாமல் என் முன் வர அவளுக்கு இன்னமும் துணிவில்லை. அந்தப் பன்னிரண்டு நாட்களில் எனக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் பழி அவளைச் சேராது. பதில் சொல்ல வாய் வரவில்லை. சாப்பாட்டைக் காரணமாக வைத்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இரத்தம் உறையாதிருக்க இப்போது தினம் மாத்திரை உண்கிறேன். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே எனக்குப் பாறையும் பேரருவியும் விலக்கு. "நீங்கள் இல்லாமல் எனக்கும் வேண்டாம்" என்று அவள் சில நாள் பிடிவாதம் செய்தாள். நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போகிறேன். பெண்கள் பக்கத்தில் அவள் நீராடும்போது, உலர்ந்த புடவையும் துண்டும் அடங்கிய பையுடன் நான் கரையில் காத்திருக்கிறேன். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. நேற்று நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவளைப் படியேற்றக் கையைக் கொடுத்தேன்.

"என்ன, எண்ணுகிறீர்களா?" என்றாள்.

"சே, சே! சும்மாப் பிடித்தேன்" என்றேன்.

அதற்குள் முப்பத்திரண்டு வரை எண்ணியிருந்தேன்.