மாமாவின் ஜிம்னியும் பாட்டியின் முழங்காலும்



சாலையில் சில ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய டயர், தூக்கிக் கட்டிய பாடி, பார்க்கவே கெத்தாக இருக்கும். அப்படி உயர்த்தினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் நடந்த வாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மயிலாப்பூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக முடியாமல் இரண்டு நாள் தவித்தோம். அதற்குப் பிறகுதான் மாமா மாருதி ஜிம்னி வாங்கினார். வாங்கியதோடு விடவில்லை. "ரெண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயரும் மாட்டிட்டா எந்த மழையிலயும் பாட்டியைக் கூட்டிட்டுப் போயிடலாம்டா" என்றார். ஜி.பி. ரோட்டுக்குப் போய் விலையும் விசாரித்துவிட்டார்.

நான் பேப்பரும் பென்சிலும் எடுத்தேன். ஜிம்னியின் டயரில் 195/80 ஆர் 15 என்று இருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. மாமா கேட்ட 235/75 ஆர் 15 டயருக்கு 733.5 மி.மீ. வித்தியாசம் 40.5. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, ஏறக்குறைய 20 மி.மீ.தான். அச்சு டயரின் நடுவில்தானே இருக்கிறது!

லிஃப்ட் கிட் என்பது நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். அதனால் பாடி 50 மி.மீ. உயரும். ஆனால் ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு அச்சு. அதன் நடுவில் குடம் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதைத் தூக்குவது டயர் மட்டுமே.

இழப்பும் உண்டு. டயர் பெரிதானால் சரியான ஸ்பீடாமீட்டரும் குறைத்துக் காட்டும். முள் 60-இல் நிற்கும்போது உண்மை வேகம் 63.5. வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போவதால் திருப்பத்தில் அதிகமாகச் சாயும். முன் அச்சின் கோணம் மாறுவதால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதும் குறையும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மாமா மசியவில்லை. "எல்லாம் சரிடா, தண்ணி வந்தா என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி! பாடி மொத்தம் 7 செ.மீ. உயரும், அந்த அளவுக்கு லாபம்தான். ஆனால் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பினால் 7 செ.மீ. எந்த மூலைக்கு? காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் போச்சு. தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது பாட்டிதான். உயர்த்தாத ஜிம்னியில் ஏறவே அவருக்கு ஒரு மணைப்பலகை வேண்டும். "இன்னும் மூணு இன்ச்சா? ஏன்டா, இது காரா, கோயில் யானையா? நான் ஏணி வெச்சா ஏறணும்? எனக்காகத் தூக்கற வண்டியில நானே ஏற முடியலைன்னா எதுக்கு?" என்றார். மாமா பதில் பேசவில்லை.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். கனமழை எச்சரிக்கை வந்தால், முந்தின நாளே பாட்டியை அடையாறில் சித்தி வீட்டு இரண்டாவது மாடியில் கொண்டுவிடுகிறோம். மருத்துவமனை அங்கிருந்து நடக்கும் தூரம். வண்டி கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது.

நண்பர்களே, வண்டி எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன்னால், அதில் ஏறப்போவது யார் என்று கேட்போமா?

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு