கெட்ட ஃபிரேமும் கெட்டிமேளமும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 2000-ஐ ஒட்டி நடந்த கல்யாணங்கள் பெரும்பாலும் வீடியோ சிடியில்தான் இருக்கின்றன. ஒரு சிடிக்கு 74 நிமிடம். முகூர்த்தம் ஒன்றில், பந்தி இன்னொன்றில். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். மலை ஈரத்துக்குப் பட்டு, சிடி என்ற பேதமெல்லாம் கிடையாது.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் அக்கா அப்படியொன்றைக் கொண்டுவந்தார். "பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க தம்பி. தாலி கட்டுற எடத்துல மட்டும் சிக்கிச் சிக்கி நிக்குது."

சிக்கத்தான் செய்யும். திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுக் கீறல் விழுந்த சிடி அல்லவா! தவிர, வீடியோ சிடி பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமானது. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான் சரக்கு. மிச்ச இடத்தில் பிழை திருத்தும் குறியீடு இருக்கும். வீடியோ சிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். கீறல் விழுந்தால் தாங்கிப் பிடிக்க அந்தக் கூடுதல் காவல் இல்லை.

ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த சுருளாக இருந்திருந்தால், ஒரு ஃபிரேம் கெட்டால் அந்த ஒன்றோடு போயிற்று. வீடியோ சிடியில் இருக்கும் எம்பெக் படம் அப்படியல்ல. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறைதான் முழுப்படம். நடுவில் வருபவை என்ன மாறியது என்று மட்டும் சொல்பவை. முழுப்படத்தில் அடி விழுந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை எல்லாமே கோணல்தான். மாப்பிள்ளையின் கை நகர்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு மாலையின் சிவப்பும் சதுரம் சதுரமாக நகர்கிறது.

கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டால் எப்படியோ தாண்டி ஓடிவிடும். "ஓடுதே, அப்படியே மாத்திடலாம்" என்று பலர் நினைப்பது இதனால்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. மாற்றும் மென்பொருளுக்கு மணப்பெண் முகமும் தெரியாது, கெட்டுப்போன சதுரமும் தெரியாது. கெட்ட ஃபிரேமையும் ஒரு படமாக எடுத்துக்கொண்டு புதிய எம்பி4-இல் சுத்தமாக எழுதிவைத்துவிடும். பிறகு எந்தச் சோதனையிலும் அந்த ஃபைலில் பிழையே காட்டாது. கறை மட்டும் இருக்கும். சில நேரம் அங்கிருந்து ஒலியும் படமும் வேறு வேறு வழியில் போகும்.

ஆகவே முதல் வேலை சிடியை முழுதாகப் படித்தெடுப்பது. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு பழைய டிரைவ் படித்துவிடுவது உண்டு. இந்தச் சிடியிலும் பெரும்பகுதி அப்படித்தான் மீண்டது. அடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில், எங்கும் சேமிக்காமல் ஃபைலை ஒருமுறை ஓடவிட்டால் டிகோட் ஆகாத இடங்களைப் பிழைச் செய்திகளாகக் கக்கும். பந்தி வரிசையில் அரை நொடி என்றால் படத்தையும் ஒலியையும் சேர்த்தே வெட்டிவிடுவேன்; யாருக்கும் நஷ்டமில்லை. தாலி கட்டும் இடத்தில் கத்தரி வைக்க மனம் வராது. அங்கே ஒலி நன்றாகவே இருந்தது. கெட்டதற்கு முந்தைய நல்ல ஃபிரேமை நிறுத்திப்பிடித்து, கெட்டிமேளத்தை அறுபடாமல் ஓடவிட்டேன். அதன்பிறகுதான் எம்பி4.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சிடிகள் இருந்தால் அடுத்த மழைக்கு முன் எடுத்துப் பாருங்கள். மாற்றித் தரக் கொடுத்தால், படித்தெடுத்த பழைய ஃபைலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எம்பி4 கைக்கு வந்துவிட்டதென்று சிடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.