ஓட்டமும் ஒளிப்படமும்

கொம்பனிகளின் வருடாந்த விருந்துகளை ஒளிப்படம் எடுப்பவன் இருளில் நிற்கக் கற்றவனாக இருத்தல் வேண்டும். மேடைக்கு ஒளி உண்டு; அவனுக்கு இல்லை. இரண்டு கமெராக்களைத் தோள்களில் மாட்டிக்கொண்டு, மங்கல விளக்கேற்றல் முதல் நள்ளிரவை அண்டிய நன்றியுரை வரை அவன் அமர்வதில்லை. கலைப்பீடத்தில் பயின்றுகொண்டே, கடந்த இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் நான் செய்துவரும் தொழில் இது. வெள்ளவத்தை அறையின் வாடகையும் என் உணவும் இதனாலேயே நடைபெறுகின்றன.

இத்தொழிலுக்குச் சில நுட்பங்கள் உண்டு. அகலக்கோண வில்லையால் குழுப்படம் எடுக்கையில் ஓரங்களில் நிற்போரின் உருவம் அகன்று தோன்றும். ஆகவே பருத்த பணிப்பாளர்களை நடுவில் நிறுத்துதல் நலம். (இந்த இரகசியத்தை அறிந்த பின்னரே எனக்கு அழைப்புகள் பெருகின என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

இத்தகைய வாழ்வின் நடுவே மரதன் ஓடத் துணிந்தமைக்குப் பெரியம்மாவே காரணம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார். 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாள்களில் நடந்தோர் திரட்டிய நிதி அவ்வைத்தியசாலை எழக் காரணமாயிற்று. அவரைப் பார்க்கச் சென்றபோதெல்லாம், முன்பின் அறியாத எவரோ வெயிலில் நடந்த நடையல்லவா இந்தச் சுவர் என்று எண்ணியதுண்டு. பெரியம்மா இன்று நலமாக இருக்கிறார். கொழும்பில் புற்றுநோயாளருக்கு நிதி திரட்டும் மரதன் ஓட்டம் ஒன்று நடைபெறவிருப்பதை அறிந்ததும் யோசனையின்றிப் பெயரைக் கொடுத்துவிட்டேன். யோசித்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். ஏறத்தாழ முப்பதாவது கிலோமீற்றரை அண்டும்போது உடல் சேமித்துவைத்த சர்க்கரை பலருக்குத் தீர்ந்துபோகிறது. அதன்பின் கால்கள் சொற்கேளா. அதனாலேயே வாரத்தில் ஒருநாளாவது நெடுந்தூரம் ஓடிப் பழகவேண்டும் என்பர். அந்நாள் எல்லோருக்கும் ஞாயிறு. எனக்கோ சனி நள்ளிரவில் விருந்து முடியும், படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கண்ணயர இரண்டு மணியாகும், நாலரைக்கு எழவேண்டும். மரைன் டிரைவ் வழியே ஓடுகையில் ஒருபுறம் கடலும் புகையிரதப் பாதையும், மறுபுறம் உறங்கும் மாடிவீடுகளும். கொள்ளுப்பிட்டியைக் கடந்து காலிமுகத்திடலை அடையும்போது விடியும். அந்த நேரத்து ஒளி மிக அழகானது. கமெராவுடன் சென்றால் நல்ல படம் கிடைக்கும்; கமெராவுடன் ஓடமுடியாது.

ஒரு ஞாயிறு காலை 28 கிலோமீற்றர் ஓடிவிட்டு, மாலையில் ஒரு கொம்பனியின் விருந்துக்குச் சென்றேன். கதவளவு பெரிய காசோலை ஒன்றைத் தலைவர் ஒரு தொண்டு நிறுவனத்தாருக்குக் கையளிக்கும் கட்டம். மண்டியிட்டு அமர்ந்திருந்த என் கெண்டைக்கால் அவ்வேளை பார்த்து இழுத்துக்கொண்டது. நான் நிமிர்ந்தபோது காசோலை கைமாறிவிட்டது. வேறு வழியின்றி, "மன்னிக்கவேண்டும், மீண்டும் ஒருமுறை கொடுங்கள்" என்றேன். தலைவர் காசோலையைத் திரும்ப வாங்கி, முன்னர் சிரித்த அதே சிரிப்புடன் மறுபடியும் கொடுத்தார். சபையும் மறுபடியும் கைதட்டியது. முதல் தடவையிலும் பார்க்க நன்றாகவே தட்டியது.

அன்றிரவு ஸ்ரூடியோ முதலாளி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அமைதியாகவே கேட்டார்: "தம்பி, நீர் ஓடுற ஞாயிற்றுக்கிழமையளிலை வேலைக்கு வந்து, அந்தக் காசை அப்பிடியே ஆஸ்பத்திரிக்குக் குடுத்தால் என்ன?"

அறைக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தேன். பயிற்சிக்காகக் கைவிட்ட பகல் வேலைகள் ஏழு. நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் வீதம் 63,000 ரூபா. அதுவரை நான் திரட்டியிருந்தது 41,500 ரூபா. தருமத்தின் பெயரால் 21,500 ரூபா நட்டம் விளைவித்திருக்கிறேன். பொருளியல் பயிலும் அறைத்தோழனிடம் காட்டினேன். கணக்குச் சரி என்றான்.

ரெறி பொக்ஸ் நினைவுக்கு வந்தார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரல் 12 இல் கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, செயற்கைக் காலுடன் 143 நாள்கள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியமையால் நின்றார். 1981 ஜூன் 28 இல், 22 வயதில் மறைந்தார். தம் நாட்டவர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தரவேண்டும் என்பதே அவர் கேட்டது. இறக்குமுன் அத்தொகை சேர்ந்துவிட்டது. அவர் வேலைக்குச் சென்று ஊதியத்தை அனுப்பியிருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும்? ஆனால் இந்த உதாரணத்தின்பின் நான் ஒளிந்துகொள்வது நேர்மையாகாது. அவரைக் கண்டு ஒரு தேசம் அழுதது. என்னைக் கண்டு மரைன் டிரைவ் நாய்கள்தாம் குரைக்கின்றன.

எனினும் அந்த 41,500 ரூபாவில் இருநூறு ரூபா, விருந்து மண்டபத்தில் பரிமாறும் சிங்கள இளைஞர் ஒருவர் தந்தது. நான் நொண்டுவதைக் கண்டு காரணம் கேட்டார், சொன்னேன். தம் தாயார் மகரகமைக்குச் சிகிச்சைக்குப் போய்வருவதாகக் கூறி, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதுவரை நாங்கள் இருவரும் ஆறேழு விருந்துகளில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் விலகி நடந்தவர்கள் மட்டுமே. நான் வேலைக்கு வந்து ஒன்பதாயிரத்தை இரகசியமாக அனுப்பியிருந்தால், இந்த இருநூறு எங்கும் போயிராது. அவருடைய தாயாரைப் பற்றி நான் அறிந்துமிரேன். இதை என் அறைத்தோழனின் கணக்கில் எந்த வரிசையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டத்துக்கு இன்னும் நான்கு வாரங்கள் உண்டு. வரும் ஞாயிறு 32 கிலோமீற்றர். அன்று பிற்பகலே ஒரு பரிசளிப்பு விழாவும் இருக்கிறது. முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பதிலொன்றும் கூறாமல் என் நிதிப் பட்டியலை வாங்கி, தம் பெயருக்கு எதிரே 2,500 என எழுதி, பக்கத்தில் 'ஓட்டத்துக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு' என்று குறித்தார். பின்னர் பேனையை மூடிக்கொண்டே கேட்டார்:

"முப்பத்திரண்டும் எத்தினை மணிக்கு முடியும்? ஒரு மணிக்கு நீர் மண்டபத்திலை நிக்கவேணும்."